இரட்டைத் திமில் காசு

எனக்கு எழுத்து ஓடாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போகாமல் மறித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மற்றவர்களின் கடிதங்களுக்குக் கீழே ஒரு வரி, சுகம் விசாரித்ததாக. இப்போது மகள் கொப்பியும் பேனையும் வாங்கித் தந்து, காசுக் கதையை எழுதுங்கோ அம்மா என்று இருத்திவிட்டாள். ஆட்கள் பேசிய பேச்சு எனக்கு நினைவிருக்கிறது. எந்த மாதம், எது முந்தி எது பிந்தி என்பதுதான் மறந்து மறந்து போகிறது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இது இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய காலம். என் அக்காவை ஒரு ரோட்டு ஓவசியருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வீடு கந்தரோடைப் பக்கம். நான் அடிக்கடி அங்கே போய் நிற்பேன்.

அத்தானுக்குப் பழங்காசுப் பைத்தியம். ரோட்டுக்குக் கிரவல் மண் வெட்டுகிற இடங்களிலும், மழை பெய்து ஓய்ந்த தோட்டங்களிலும் பச்சை பிடித்த செப்புக் காசுகள் தலை காட்டும். எங்கள் பக்கத்துச் சிவந்த மண்ணில் அது புதுமையில்லை. கண்டெடுக்கிறவர்கள் புளி போட்டு மினுக்கிப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடுவார்கள். அத்தானுக்கு அது பொறுக்காது.

"பச்சையை உரிக்கிறது, காசின்ரை தோலை உரிக்கிற மாதிரி" என்பார்.

ஒரு வேப்பம் பலகையில் ஒவ்வொரு காசுக்கும் அதனதன் அளவுக்கே உளியால் குழி தோண்டி, அதற்குள் இருத்தி, அலுமாரியின் இழுக்கிற லாச்சியில் வைத்திருந்தார். காசு குழியைப் பிடித்துக்கொண்டு இருக்கும். பலகையைக் கவிழ்த்தாலும் விழாது. எடுக்க வேண்டுமென்றால் பேனாக்கத்தி நுனியால் நெம்ப வேண்டும்.

எனக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேதுக் காசுகள். ஒரு பக்கம் ஒரு ஆள் நிற்பார். மற்றப் பக்கம் மாடு படுத்திருக்கும், மேலே பிறை, கீழே சேது என்று எழுத்து. அத்தான் பூதக்கண்ணாடியைப் பிடித்து, இதன் பிறை சரிந்திருக்கிறது, இதன் கால் மடிப்பு வேறு, இது இன்னொரு அச்சு என்று பிரித்துப் பிரித்து வைப்பார்.

ஒரு நாள் யாரோ கொண்டுவந்த காசில் இருந்த எழுத்தை நான் தடங்கல் இல்லாமல் "சேது" என்று வாசித்துவிட்டேன். அத்தான் சிரித்தார்.

"நீ வாசிச்ச உடனை தெரிஞ்சு போச்சு, கள்ளக் காசு. அந்தக் காலத்துச் 'சே' எழுத்துக் கொம்புக்கு மேலை சுழி இல்லை. இந்த மாடு பள்ளிக்கூடம் போய் வந்த மாடு."

குசினிக்குள் இருந்து அக்கா கேட்டாள்: "எந்தப் பள்ளிக்கூடமாம்? என்னையும் அதிலை சேர்த்து விடுங்கோவன். சட்டி பானையிலை இருந்து தப்பலாம்."

அந்த வீட்டில் அப்போது சிரிப்புக்குக் குறைவில்லை.

எழுத்தால் பிடிபடாத கள்ளமும் உண்டு. நல்ல காசு ஒன்றை மண்ணில் அழுத்தி அச்செடுத்து, உருக்கிய செம்பை ஊற்றிச் செய்வது. அதில் எழுத்தும் மாடும் சரியாகவே இருக்கும். ஆனால் கல்லில் போட்டால் சத்தம் எழும்பாது. ஓரத்தைச் சுற்றி அரம் பிடித்த கோடு ஓடும். முகத்தில் ஊசி குத்தினதுபோலச் சின்னக் குமிழ்கள் இருக்கும். அத்தானுக்கு அப்படியான காசைக் கையால் தொடவும் அருவருப்பு. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் பிணம்.

"அடிச்ச காசுக்கு உயிர் இருக்கு. வார்த்தது பிணம்."

இந்தச் சொல்லை நினைவில் வைத்திருங்கள்.

ஒரு மழைக்குப் பிறகு கத்தரிப் பாத்தியில் அக்காவின் கால் விரலில் ஒரு காசு தட்டுப்பட்டது. கழுவிப் பார்த்தால் மாட்டுக்கு இரண்டு திமில். அத்தான் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். காசு அடிக்கும்போது அச்சு ஒருக்கால் துள்ளினால் உருவம் இரட்டிப்பாக விழுமாம். அதே துள்ளல் இன்னொரு காசில் விழாதாம்.

அக்கா அதை "என்ரை மாடு" என்றுதான் சொல்லுவாள். சமையல் முடிந்து இருக்கிற நேரம் அதை நெம்பி எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள், குளிர்ச்சியாக இருக்கிறது என்று.

"எனக்கும் உப்பிடி ஒண்டு வேணும்" என்று நான் கேட்டேன்.

"உதுக்குச் சோடி இல்லை" என்றார் அத்தான். "உலகத்திலை இல்லை. கொக்காவுக்கு மட்டுந்தான்."

கொக்கா என்றால் உன் அக்கா, கொம்மா என்றால் உன் அம்மா. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அத்தான் என்னோடு கதைத்தால் வார்த்தைக்கு வார்த்தை கொக்கா வரும். கொக்காவைக் கேள், கொக்காவிட்டைச் சொல்லு, கொக்காவுக்குக் கோபமோ என்று.

அக்கா என்னைப் பார்த்து, "பாப்பம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த மாரியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. குளிரும் நடுக்கமுமாக வந்து, விட்டு விட்டுக் காய்ந்து, ஒரு நாள் விடியப்புறம் ஆள் போய்விட்டாள். பிள்ளை குட்டி இல்லை.

செத்தவர்களின் நெற்றியில் சந்தனம் வைத்து அதில் ஒரு காசு ஒட்டிவிடுவது எங்கள் குடும்பத்து வழக்கம். அம்மா ஒரு வெள்ளிக் காசை எடுத்துவந்தாள். அத்தான் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, பலகையை எடுத்து மடியில் வைத்துப் பேனாக்கத்தியால் அக்காவின் மாட்டை நெம்பினார். கத்தி சறுக்கி மாட்டின் முகத்துக்கு முன்னால், காசின் ஓரத்தில் ஆழமாக வெட்டிவிட்டது. பச்சைக்கு நடுவில் புதுச் செம்பு சிவப்பாகத் தெரிந்தது. நான் பக்கத்தில் நின்றேன். காயம் மாதிரித்தான் இருந்தது. அப்படியே அதைச் சந்தனத்தில் அழுத்திவிட்டார்.

பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிடுவோம். சுடலைக்குப் போவதில்லை. மழையில் விறகு பிடிக்கவில்லை, பெரும்பாடு பட்டோம் என்று வந்த ஆண்கள் சொன்னார்கள். காசையும் சேர்த்து எரித்தாயிற்று. அடுத்த நாள் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்தார்கள். அதற்குள் யாரும் காசு தேடவில்லை.

ஒரு வருஷத்து ஆட்டைத் திவசம் முடிந்த கையோடு என்னை அத்தானுக்கே கட்டிக் கொடுத்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் வாய் திறந்திருக்கமாட்டேன். அக்காவின் வீடு, அக்காவின் குசினி, அக்காவின் சுளகு. நான் முந்தியும் அவரை அத்தான் என்றுதான் கூப்பிட்டேன், பிறகும் அப்படித்தான். என் பக்கத்தில் மாற ஒன்றும் இருக்கவில்லை. அவர் பக்கத்தில்தான் மாறியது. நீ என்றவர் நீர் என்றார். கொக்கா என்ற சொல் அவர் வாயிலிருந்து அடியோடு போய்விட்டது. என்னிடம் இனி அதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லையாக்கும்.

பலகையில் ஒரு குழி மட்டும் வெறுமையாகக் கிடந்தது. தூசு துடைக்கும்போது அந்தக் குழியில் விரல் படாமல் துடைப்பேன்.

நான் முழுகாமல் இருந்தேன். ஒரு மத்தியானம், சோளகக் காற்று பனைகளைப் போட்டு உலுப்பிக்கொண்டிருந்த நேரம், பழம் பித்தளை வாங்குகிற வியாபாரி படலையில் வந்து நின்றான். அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, ஓவசியர் ஐயா நிக்கிறாரோ? ஐயாவுக்கெண்டு ஒரு சாமான் கிடக்கு."

ஒரு சின்ன ஓலைக் குட்டானைத் திறந்து என் கையில் ஒன்றைக் கொட்டினான். கறுத்துப்போன செப்புக் காசு. நெருப்பில் கிடந்ததுபோலக் கறுப்பு. மாடு படுத்திருந்தது. திமில் இரண்டு.

எனக்குக் கை சுட்டது. வெயிலில் கொண்டுவந்த காசு சுடும்தானே என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி நினைக்கவில்லை.

அத்தான் சோற்றுக் கையோடு எழும்பி வந்து பார்த்தார்.

"எங்கையாலை வருகுது?"

"கீரிமலைப் பக்கத்தாலை, ஐயா."

அத்தான் கண்ணாடியை எடுக்கவில்லை, கல்லில் போட்டுப் பார்க்கவில்லை. கேட்டதைக் கொடுத்து அவனை அனுப்பிவிட்டு, காசைத் துணியில் சுற்றி லாச்சியின் மூலைக்குள் தள்ளினார். சோற்றில் திரும்பவும் கை வைக்கவில்லை.

மற்ற நாள் அவர் வேலைக்குப் போன பிறகு, எனக்கு ஏன் அந்தத் துணிவு வந்தது என்று தெரியாது, துணியை அவிழ்த்தேன். அதற்கு ஒரு இடம் இருக்கிறதே, அங்கே வைத்தால் அடங்கும் என்று நினைத்தேன். வெறுங்குழியில் வைத்தேன். காசு குழியைப் பிடிக்கவில்லை. சுற்றிவர நூல் போக இடம் இருந்தது. தொட்டால் ஆடியது.

அக்கா மெலிந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பிறகு கத்தி பட்ட இடத்தைத் தேடினேன். மாட்டின் முகத்துக்கு முன்னால் ஓரம் முழுசாக இருந்தது. வெட்டு இல்லை. தடவிப் பார்த்தேன், நகத்துக்கும் தட்டுப்படவில்லை.

காயம் ஆறிவிட்டது.

வேறு என்னத்தை நினைப்பது? நெருப்புக்குள்ளும் கடலுக்குள்ளும் போனவள், மெலிந்து, காயம் ஆறி, நடந்து வந்திருக்கிறாள். தன் குழியில் வந்து படுத்திருக்கிறாள். அந்த வீட்டில் அவளுடைய மற்ற இடத்தில் இருப்பது நான்.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் தொடங்கியது. ரோட்டால் வண்டில் போனால் அலுமாரி அதிரும், லாச்சிக்குள் டிக் டிக் என்று கேட்கும். மற்றக் காசுகள் இறுகிப்போய் இருப்பதால் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. வண்டில் தூரப்போன பிறகும் கொஞ்ச நேரம் கேட்கும். சுளகோடு நான் அந்த அறையைத் தாண்டினால் ஒருதரம் தட்டும். பட்டப்பகலில், வெயில் எறித்துக்கொண்டிருக்க, உள்ளே இருந்து யாரோ நகத்தால் கேட்பதுபோல. அத்தானுக்கும் கேட்டது. சத்தம் வந்தால் சாப்பாட்டுக் கை அப்படியே நிற்கும். ஆனால் நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அவர் விறாந்தை வாங்குப் பலகையில் படுக்கத் தொடங்கினார். என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

அம்மா வந்தபோது அழுது சொன்னேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொக்கா கேக்கிறாளடி. தன்ரை வீட்டைத் திருப்பிக் கேக்கிறாள். வயித்துப் பிள்ளைக்கு ஒண்டு வரமுந்தி வெளிக்கிடு."

அத்தானும் மறிக்கவில்லை. "உம்முடைய அம்மாவோடை போய் இரும்" என்றார். எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லவில்லை. போனால் நான் திரும்பி வரப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

அம்மா முன்னுக்குப் போய்விட்டாள். என்னைக் கூட்டிப் போக அடுத்த கிழமை வாடகை வண்டில் வந்து படலையில் நின்றது. பெட்டியை ஏற்றியாயிற்று. அத்தான் தூணைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். நானாக அவரோடு வாய் திறந்து கதைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் சொல்லாமல் போனால் அக்காவைத் தனியே விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

"அத்தான், ஒண்டு சொல்லவோ? அக்கான்ரை காயம் ஆறிப்போச்சு."

"என்ன காயம்?"

"அண்டைக்கு உங்கடை கத்தி பட்ட வெட்டு. இப்ப இல்லை. நல்லாத் தடவிப் பாத்தனான். ஆள்தான் மெலிஞ்சு போனா. குழியிலை ஆடுறா. அதுதான் அந்தச் சத்தம். ஒரு துணித் துண்டு அடியிலை வைச்சு விடுங்கோ, பாவம்."

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு முகத்துக்கு நேரே பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பலகையையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு முற்றத்து வெயிலுக்கு வந்தார். காசு கத்தி இல்லாமலே கையோடு வந்தது. படிக்கல்லில் போட்டார். சத்தம் எழும்பவில்லை. ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டுக்குக் கிட்டப் பிடித்தார்.

"பிணம்" என்றார்.

அவர் படியில் இருந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"வார்ப்புக் காசு, இஞ்சை பாரும். அச்செடுத்த மண் காயேக்கையும் சுருங்கும், ஊத்தின செம்பு ஆறேக்கையும் சுருங்கும். அதுதான் குழிக்கு அளவு காணாமல் ஆடுது. மெலியவும் இல்லை, ஒண்டும் இல்லை. வெட்டும் ஆறேல்லை. வெட்டு விழ முந்தி எடுத்த அச்சு இது."

வெட்டு விழுந்தது செத்த வீட்டில். அதற்கு முந்தி அந்தக் காசைப் பலகையிலிருந்து எடுக்கிறவர் அந்த வீட்டில் ஒருவர்தான், அக்கா.

அத்தான் அப்படியே வந்து என்னையும் ஏற்றி வண்டிலில் ஏறினார். முதலில் பித்தளை வியாபாரியின் வீட்டுக்கு விடச் சொன்னார். வண்டில்காரர் என் பெட்டியைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார்.

"கொம்மா வீட்டையோ, பித்தளைக் கடைக்கோ? எனக்குச் சொல்லாட்டிலும் மாட்டுக்காவது ஒருக்காச் சொல்லுங்கோ."

வியாபாரி பயந்துபோனான். கீரிமலையில் எங்கே எடுத்தாய் என்று அத்தான் அதட்டவும், "ஐயோ ஐயா, நான் வந்த வழியைச் சொன்னனான், காசு வந்த வழியைச் சொல்லேல்லை" என்றான். கோயில் ரோட்டில் பித்தளைப் பாத்திரம் வார்க்கிற கன்னாரிடமிருந்து பழைய சாமான்களோடு வந்ததாம்.

கன்னார் வயதான மனிதர். அத்தான் காசை நீட்டியதும் ஒளிக்கவில்லை.

"ஓம் ஐயா, என்ரை கைதான். உங்கடை வீட்டு அம்மா கொண்டு வந்து தந்தவ. உது மாதிரி ஒண்டு தன்ரை தங்கச்சிக்கு வேணுமாம், அவள் ஆசைப்பட்டுக் கேட்டவளாம். உங்களிட்டை மூச்சு விடவேண்டாம் எண்டவ. 'அவர் கண்டால் பிணம் எண்டு வேலிக்கு வெளியாலை எறிஞ்சு போடுவார்' எண்டு சிரிச்சவ. நிண்டு அச்செடுப்பிச்சுத் தன்ரை காசைக் கையோடை கொண்டு போனவ. பிறகு வந்து மற்றதை எடுக்கிறன் எண்டவ, வரேல்லை. நான் வைச்சுப் பாத்தன். உலைக்குப் பக்கத்திலை கிடந்து கறுத்துப்போச்சு. கடைசியிலை வியாபாரியிட்டைத் தள்ளிவிட்டன்."

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அத்தான் கேட்டார்: "எப்ப வந்தவ?"

"மாரி விட்ட பிறகு. நல்ல வெயில் எறிச்ச நாள். நெத்தியிலை காசளவுக்கு வட்டமாச் சந்தனம் வைச்சிருந்தவ. கோயிலாலை வாறாவாக்கும் எண்டு நினைச்சன்."

அக்கா குங்குமம் வைப்பாள். காசளவுக்குச் சந்தனம் வைத்து நான் அவளை ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன்.

வண்டில் திரும்பி வருகிற வழியில் அம்மா வீட்டுக்குப் பிரிகிற சந்தி வந்தது. வண்டில்காரர் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்னுக்குத் திரும்பிப் பார்த்தார். அத்தான், நேரே விடும் என்றார். பிறகு என் கையை விரித்து அந்தக் காசை வைத்தார்.

"கொக்கா உனக்கெண்டு செய்விச்சது. நீ வைச்சிரு."

கொக்கா என்றார். நீ என்றார். நான் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. வயிற்றில் இருந்த பிள்ளைதான் மூத்த மகள். இப்போது கொப்பி வாங்கித் தந்தவள் அவள்தான்.

வார்ப்புக் காசைத் தொடாத மனிதர், அந்தப் பிணத்தை என் கையிலிருந்து வாங்கி உயிருள்ள காசுகளுக்கு நடுவில், அக்காவின் குழியிலேயே வைத்தார். அடியில் ஒரு சீலைத் துண்டை மடித்து வைத்தார். அதற்குப் பிறகு வண்டில் போனாலும் சத்தம் இல்லை. வண்டில் போகாத சில மத்தியானங்களில் ஒருதரம் கேட்கும். நான் பயப்படுவதில்லை. என்ன அக்கா என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

வெட்டு இல்லாத காசில்தான் அச்செடுத்தார்கள். ஆகவே அக்கா உயிரோடு இருந்தபோதுதான் கன்னாரிடம் போயிருக்க வேண்டும். அத்தான் கடைசிவரை அப்படித்தான் சொன்னார். அதுதான் சரி. கன்னார் வயதானவர், நாளை மாற்றிச் சொல்லியிருப்பார். ஆனால் அக்கா செத்த அன்று விறகு பிடிக்காத மழை; மாரி விட்டது அதற்குப் பிறகுதான். அவள் படுத்த நாளிலிருந்து எரித்த நாள்வரை வெயில் எறித்ததாக எனக்கு நினைவில்லை. அது கார்த்திகையா மார்கழியா என்பதும் இப்போது தெரியவில்லை. காய்ச்சலுக்கு முந்தி, மாரி தொடங்கிய கையோடு கொஞ்ச நாள் மழை விட்டு, வெயில் எறித்திருக்கலாம். அந்த வருஷத்து மழையை நினைவில் வைத்திருக்கிற வயதானவர்கள் யாராவது எங்கள் பக்கத்தில் இருந்தால், விட்டதா என்று ஒருக்கால் கேட்டுப் பார்த்து, நான் எழுதியதில் பிழை இருந்தால் திருத்திவிடுங்கள்.